பாரமும் ஆளும்

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்பது பொருள். நாம் இவ்வூரிலே பிறந்து, இவ்வூரிலே வளர்ந்து, இவ்வூரிலேயே ஒரு லாரிக் கம்பெனியில் முப்பத்திரண்டு ஆண்டு கிராணி உத்தியோகம் பார்த்து முடித்து, இப்பொழுது அடுக்குமாடி வீடொன்றின் ஒன்பதாம் மாடிச் சன்னலண்டை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். விடியற்காலம் ஐந்து மணிக்கெல்லாம் உறக்கம் கலைந்துவிடுகின்றது. வேறு அலுவல் இன்மையால் உட்லண்ட்ஸ் சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. மணல் ஏற்றியது, கம்பி ஏற்றியது, கறிகாய்க் கூடை ஏற்றியது, கப்பலிலிருந்து இறங்கிய கொள்கலன் ஏற்றியது என்று வரிசையாய் வருகின்றன. அவற்றினூடே, பின்தட்டில் இரு பக்கமும் முதுகைச் சாய்த்து, ஒருவர் முழங்கால் மற்றொருவர் முழங்காலில் இடிக்க, தலை கவிழ்ந்து உறங்கிக்கொண்டே போகும் ஆட்களை ஏற்றிய லாரிகளும் வருகின்றன. அவை நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்குங்கால் நாம் நம்மையறியாமலே தலைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஒன்பது, பதினொன்று, பதினான்கு. இது பழைய உத்தியோகம் விட்டுப்போன தோஷம். வீட்டிலுள்ளோர் கண்டு நகைக்கின்றனர். அவர்களுக்கு இதுகாறும் சொல்லாத ஒரு விஷயத்தை வாசகர்களுக்குச் சொல்லலாம் என்று துணிந்தோம்.

அதற்குமுன் லாரித் தொழில் எவ்வளவு பெரிது என்பதைச் சிறிது பார்ப்பது நலம். இவ்வளவு பெரிய தொழில் இவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தப்புவது ஓர் ஆச்சரியமே. இச்சிறு தீவில் ஓடும் மோட்டார் வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பத்து இலட்சம். அவற்றுள் சரக்கு வண்டிகள் மாத்திரம் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இருக்கும். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கையாளப்பட்டவை, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 4 கோடியே 11 இலட்சத்துக்கு மேல். அவற்றிற் பெரும்பகுதி ஒரு கப்பல் விட்டு மறு கப்பல் ஏறிப் போய்விடுமாயினும், கரையில் தங்கும் மிச்சம் ஒவ்வொன்றும் லாரியின் முதுகில் ஏறித்தான் தீரவேண்டும். இந்தியாவில் சரக்கில் பத்துக்கு ஏழு பங்கு சாலை வழியே போகின்றது. அமெரிக்காவிலோ, நாட்டுச் சரக்கின் எடையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் லாரியே சுமக்கின்றது. அங்கே லாரி ஓட்டிப் பிழைப்போர் ஏறத்தாழ 35 இலட்சம் பேர். நாம் உண்ணும் அரிசியும் உடுக்கும் துணியும் இந்தப் பத்திரிகை அச்சாகும் காகிதமும் ஏதோ ஓரிரவு ஒரு மனிதன் கண் விழித்தமையால்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் இத்தொழிலைப் பற்றிப் பேசுவோர் வண்டியை எண்ணுகின்றனர், டன்னை எண்ணுகின்றனர், பெட்டியை எண்ணுகின்றனர். ஆளை எண்ணும்போதுதான் கணக்குத் தடுமாறுகின்றது. லாரி ஓட்டுவதையே தொழிலாய்க் கொண்டவரை எண்ணிவிடலாம். காலையில் லாரியோட்டி வந்து, பகலெல்லாம் பலகையடித்துக் கம்பி கட்டி, மாலையில் மறுபடியும் அதே லாரியை ஓட்டிப் போகிறவரை எந்தப் பத்தியில் சேர்ப்பது? அவர் கொத்தனாரா, டிரைவரா? இரண்டு வேலைக்கும் ஒரே ஆளாய் இருப்பவர் இரண்டு கணக்கிலும் அரை ஆளாய்ப் போய்விடுகிறார். பின்தட்டில் உட்கார்ந்து போகிறவரோ சரக்கு வண்டியில் ஏற்றப்பட்ட காரணத்தால் சரக்கோடு சேர்ந்துவிடுகிறார். நாம் கண்ட மட்டில், இத்தொழிலில் ஏட்டில் ஏறாத ஆட்களே மிகுதி. அந்த ஏட்டை எழுதிய கை நம்முடையது என்பதால் இதை உறுதியாகவே சொல்லக்கூடும்.

இது நேற்று வந்த தொழிலுமன்று. சிங்கப்பூரில் மோட்டார் வருமுன் பாரம் இழுத்தவை மாடுகள். அம்மாடுகளை ஓட்டியவர் பெரும்பாலும் தென்னிந்தியர். சீனர் மிகுந்த கிரேத்தா ஆயர் வட்டாரத்தின் பெயருக்கே தண்ணீர் வண்டி என்பதுதான் பொருள். கிணற்று நீரை மாட்டு வண்டியில் ஏற்றி ஊருக்கு ஊற்றிய காலத்தின் எச்சம் அது. நாம் இன்று கறிகாய் வாங்கப் போகும் தேக்காவும் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில்களின் பேட்டையே. எருமையின் பெயரால் வழங்கும் இரண்டு தெருக்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டு லாரியின் சக்கரத்தைப் பிடிக்கச் சில காலமே சென்றது. ஃபோர்டு கம்பெனி 1926இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1941 அக்டோபரில் நம் புக்கிட் பாஞ்சாங்குக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், அப்பர் புக்கிட் தீமா சாலையில், மோட்டார் பூட்டும் தொழிற்சாலையைத் திறந்தது. நான்கு மாதம் ஆகுமுன் யுத்தம் வந்துவிட்டது. 1942 பிப்ரவரியில் ஜப்பானிய டாங்கிகள் சுவா சூ காங் சாலை வழியாகப் புக்கிட் பாஞ்சாங் கிராமத்துள் நுழைந்து தெற்கே போயின. அம்மாதம் 15ஆம் தேதி அதே ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயர் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். அதன்பின் நிஸ்ஸான் கம்பெனி அங்கே ஜப்பானிய ராணுவத்துக்கு லாரி பூட்டியது. அந்த நாட்களில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டனர். பலரைத் தோட்டத்து வாசலிலிருந்து ரயிலடிவரை கொண்டு சென்றது லாரி. ஏறினவரில் எத்தனை பேர் திரும்பினர் என்பதை நம் கிழவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்; ஒரு கையின் விரல்களே அதற்குப் போதியனவாயிருந்தன. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டு, 2006 முதல் யுத்த நினைவுக் காட்சிசாலையாக இருக்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் வந்து சரணாகதி நடந்த மேசையின் கதையைக் கேட்டுப் போகின்றனர்.

நமது தகப்பனார் 1948இல் கப்பலேறி வந்தவர். ஜோகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்; பிறகு தோட்டத்து லாரியில் அட்டெண்டனாய் ஏறினார்; டிரைவர் களைத்தபோது சக்கரத்தைப் பிடித்துப் பிடித்தே ஓட்டக் கற்றார். 1953இல் கடற்பாலம் கடந்து புக்கிட் பாஞ்சாங் வந்து கல்லுமலை லாரியில் சேர்ந்தார். அக்காலத்தில் புக்கிட் தீமாக் குன்றைச் சுற்றிக் கருங்கல் வெட்டும் குவாரிகள் பல இருந்தன. 1919 முதல் கட்டப்பட்டு 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர்க் கடற்பாலத்துக்கே இக்குன்றின் கல்லும் உபின் தீவின் கல்லும்தான் போயின. இன்று அக்குவாரிகள் குளமும் பூங்காவுமாய் மாறி, ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் காற்று வாங்கப் போகின்றனர். நமது வீட்டுக்கு வடக்கே எம்.ஆர்.டி. ரயில்களை நிறுத்தும் கூடம் ஒன்றுக்குக் காலி பத்து என்று பெயர். மலாய் மொழியில் அது கல் தோண்டுதல் என்று பொருள்படும்; தமிழ்க் காதுக்கோ முதற்சொல் வேறு விதமாய்க் கேட்கின்றது. கல்லெல்லாம் காலியானபின் அப்பெயர் இரு மொழியிலும் பொருந்திவிட்டது என்று நாம் சிரிப்பதுண்டு.

பத்தாங்கட்டைச் சந்தியில் நின்றால் தகப்பனாரின் லாரி வருவதைச் சத்தத்திலேயே அறிவோம். விரைவுச்சாலை வருமுன், அஃதாவது 1980களின் நடுப்பகுதிவரை, ஜோகூருக்குப் போகும் லாரியெல்லாம் இச்சந்தியைக் கடந்துதான் போகவேண்டும். கல்தூசு படிந்து புருவம் வெளுத்து அவர் இறங்கி வருவார். அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கல் ஏற்றிய லாரியின் மேல் எவரையும் ஏறவிடமாட்டார். மழையில் நனைந்து நிற்பவர் கைகாட்டினாலும், முன்னே தம் பக்கத்தில் இடமிருந்தால் ஏற்றுவார், இல்லாவிடில் போய்விடுவார். இரக்கமில்லாதவர் என்று பெயர் வாங்கினார். ஒருமுறை நாம் கேட்டதற்கு, "கல் நகரும்போது மனுசனிடம் சொல்லிவிட்டு நகராது, தம்பி" என்றார். அதைப் பெரிதாய் எண்ணாமல் மறந்துவிட்டோம்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தம் பிள்ளை சக்கரம் பிடிக்கலாகாது, பேனா பிடிக்கவேண்டும் என்பதே அது. நமது தமக்கைக்கு வரன் பார்த்தபோது, பெண்ணின் தகப்பன் லாரி டிரைவர் என்று கேட்டவுடன் இரண்டு வீட்டார் காப்பி குடியாமலே எழுந்து போனதை அவர் மறக்கவில்லை. ஆகவே, 1974இல் கட்டட ஒப்பந்தமும் லாரி வாடகையும் சேர்த்து நடத்திய ஒரு சிறு கம்பெனியில் நமக்குக் கிராணி வேலை கிடைத்தபோது, அவர் தேக்காவுக்குப் போய் நமக்கு இரண்டு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தார். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அப்படிப்பட்டவை அப்போதும் பல, இப்போதும் பல. ஏழு லாரிகள் இருந்தன. முதலாளி ஆயுத பூஜைக்கு ஏழு லாரிக்கும் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு நான்காக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கத் தவறியதே இல்லை. எத்தனை பழம் வாங்கினோம் என்பதும் நம் ஏட்டில் இருக்கின்றது.

அந்த ஏட்டைப் பற்றித்தான் சொல்லவேண்டும். நீண்ட பேரேடு, பக்கத்துக்கு ஐந்து பத்தி. தேதி, வண்டி எண், டிரைவர், போகும் இடம், பாரம். பாரம் என்ற பத்தியில் நாம் இப்படி எழுதுவது வழக்கம்: சிமெண்டு மூட்டை 40, இரும்புக் குழாய் 60, ஆள் 12. இருபத்திரண்டு ஆண்டு இப்படியே எழுதினோம். கையெழுத்து அழகாய் இருக்கும் என்று முதலாளி பிறரிடம் காட்டுவார். மூட்டைக்கு அடுத்து ஆள் என்று எழுதுவதில் ஏதும் பிழையிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. சுயமரியாதைப் பிரசங்கங்கள் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியும் இருக்கிறோம். ஆயினும் கை தட்டிய அதே கைதான் மறுநாள் காலை அந்தப் பத்தியை எழுதியது.

1996 டிசம்பரில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நமது டிரைவர்களுள் ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். நம்மைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் அழைப்போம். பலகையடிப்பதில் கெட்டிக்காரர், கனரக வண்டி லைசன்சும் வைத்திருந்ததால் காலையும் மாலையும் லாரியும் அவர் தலையில் விழுந்தது. அன்று விடியற்காலம் ஐந்தரை மணிக்கு அவர் நம் மேசையண்டை வந்து நின்றார். முந்தின இரவு கான்கிரீட் ஊற்றும் வேலை நள்ளிரவு தாண்டி நீண்டிருந்தது.

"கிராணி ஐயா, ராத்திரி ஒரு மணிக்குத்தான் படுத்தேன். கண் எரிகிறது. இன்றைக்கு ஒரு நாள் வேறு யாரையாவது வண்டிக்குப் போடுங்களேன்" என்றார்.

வேறு ஆள் இல்லாமலில்லை. மற்றொருவரை வீட்டிலிருந்து அழைத்திருக்கலாம். அவர் வந்து சேர ஒரு மணி நேரமாகும். ஒப்பந்த வேலை ஒரு மணி நேரம் பிந்தும். முதலாளி நம்மைக் கேட்பார். இவ்வளவும் ஒரு கணத்தில் மனத்தில் ஓடியது. "இன்றைக்கு மட்டும் சமாளியுங்கள், அண்ணே. நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தோம். அவர் மறுமொழி சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நாம் பேரேட்டில் எழுதினோம்: இரும்புக் குழாய் 60, ஆள் 12.

இறக்கமான ஒரு வளைவில், முன்னே போன கார் திடீரென நின்றபோது, லாரி வழுக்கிச் சாலையோரக் கம்பித்தடுப்பில் மோதியது. மோதல் பெரிதன்று. ஆனால் பின்தட்டில் கட்டியிருந்த குழாய்க்கட்டு அவிழ்ந்து முன்னே பாய்ந்தது. பதினொருவர் சிராய்ப்போடு தப்பினர். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஓர் இளைஞரின் வலது கால், குழாய்க்கும் பக்கப்பலகைக்கும் நடுவே அகப்பட்டு நசுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. மயக்கமாயிருப்பவரின் பெயர் என்ன, வயது என்ன, ஊரில் யாருக்குச் சொல்லவேண்டும் என்று ஓர் அம்மையார் பொறுமையாய்க் கேட்டார். நாம் பேரேட்டைப் புரட்டினோம். அழகான கையெழுத்தில் ஆள் 12 என்று இருந்தது. அன்று எந்தப் பன்னிரண்டு பேர் அந்த லாரியில் ஏறினர் என்பது நமக்குத் தெரியவில்லை. குழாய் எத்தனை அங்குலம் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். அம்மையார் மறுமுறையும் கேட்டார். பெட்டியிலிருந்த வேலை அனுமதிச் சீட்டுகளின் பிரதிகளை எடுத்துப் பரப்பி, வேலைத்தலத்துக்கு ஆள் அனுப்பி, ஒவ்வொருவராய்க் கழித்து அவர் பெயரைக் கண்டறிய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. டிரைவர் களைப்பாறும்பொருட்டு நாம் கொடுக்க மனமில்லாதிருந்ததும் அதே ஒரு மணி நேரந்தான்.

பிறகு விசாரணை நடந்தது. வண்டியைக் கவனக்குறைவாய் ஓட்டியதாக டிரைவர் மேல் குற்றம் வந்தது. அபராதம் விதித்தனர், லைசன்சு போயிற்று, கம்பெனி அவரை நிறுத்திவிட்டது. முந்தின இரவு எப்போது உறங்கினீர் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் நம் பெயரைச் சொல்லியிருப்பாரோ, மாட்டாரோ, சொல்லாமலே போனார். நாமும் வாய் திறக்கவில்லை. விசாரணை அறைக்கு வெளியே விசிப்பலகையில் நாமும் அவரும் அரைமணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் நம்மைப் பார்த்து, "காப்பி குடித்தீர்களா, ஐயா?" என்று மாத்திரம் கேட்டார்.

இளைஞர் முழங்காலுக்குக் கீழே காலை இழந்து ஊர் போய்ச் சேர்ந்தார். சட்டப்படி கிடைக்கவேண்டிய நஷ்டஈடு கிடைத்தது; அதற்கான தாள்களை நிரப்பியதும் நாமே. இரண்டு ஆண்டு கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பேருந்து நிலையத்தண்டை டீக்கடை வைத்திருப்பதாகவும், கலியாணம் ஆகிவிட்டதாகவும் எழுதி, டிரைவர் அண்ணன் இப்பொழுது எங்கே இருக்கிறார், நலமா என்று கேட்டிருந்தார். நம்மைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதவேண்டிய காரணமும் இல்லை.

விபத்து நடந்த மறுமாதம் நாம் புதிய பேரேடு ஒன்று வாங்கி, பாரத்துக்கு அப்பால் ஆறாவது பத்தி ஒன்று கோடிழுத்து, ஏறும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதலானோம். ஒரு லாரிக்கு ஐந்து நிமிஷம் பிடித்தது. முதலாளி பார்த்துவிட்டு, "ஆளுக்குப் பெயர் எழுதுகிறீர், இனிச் சிமெண்டு மூட்டைக்கும் நாமகரணம் செய்வீரோ?" என்று பகடி பண்ணினார். பதில் பேசவில்லை, எழுதுவதையும் விடவில்லை. 2006இல் நாம் விலகிய பின் அந்தப் பத்தி தொடர்ந்ததா என்று விசாரிக்கத் துணிவு வரவில்லை.

இனிச் சட்டத்தைப் பற்றி. சிங்கப்பூரில் காரின் பின்னாசனத்தில் உட்காருபவரும் வார் கட்டவேண்டும், தவறினால் அபராதம். சரக்கு லாரியின் பின்தட்டில் மனிதரை ஏற்றுவதும் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி பொதுவாகத் தடுக்கப்பட்டதே. ஆனால் வேலைக்குப் போகும் தொழிலாளருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது உல்லாசமாய்ப் போகிறவனை ஏற்றினால் குற்றம். உழைக்கப் போகிறவனை ஏற்றினால் குற்றமில்லை. இந்த விலக்குக்குள்ளேயே சிறுகச் சிறுகச் சீர்திருத்தம் வந்திருப்பதை மறைக்கலாகாது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்தட்டுக்குக் கூரையும் உயர்ந்த கம்பித்தடுப்பும் கட்டாயமாயின; உட்காரும் ஆளுக்கு நான்கு சதுர அடி என்றிருந்தது எட்டுச் சதுர அடியாயிற்று. 2021 ஏப்ரல் 20இல் தீவு விரைவுச்சாலையில், 17 தொழிலாளரை ஏற்றிச் சென்ற லாரி நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரியின் மேல் மோதி, ஒரு வங்காளதேசத்தவரும் ஓர் இந்தியரும் மாண்டனர். 2023 ஜனவரி முதல் மழைத்திரை வேண்டும் என்றும், டிரைவரின் பக்கத்தில் அவர் கண்ணயராதபடி பார்க்கும் துணையாள் ஒருவர் இருக்கவேண்டும் என்றும், ஆறு மணி நேரம் வேலை செய்த டிரைவர் அரைமணி நேரம் ஓய்ந்த பிறகே ஆட்களை ஏற்றி ஓட்டவேண்டும் என்றும் விதிகள் வந்தன. அவற்றைப் பத்திரிகையில் படித்த அன்று நாம் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனோம். வீட்டாருக்குக் காரணம் விளங்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் நேர்ந்த இரு விபத்துகளில் 37 தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போயினர். லாரியில் ஆளேற்றுவதை அடியோடு நிறுத்தவேண்டும் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட சங்கங்களும் குழுக்களும் சேர்ந்து எழுதின. தொழிலதிபர் சங்கங்கள் வேறு விதமாய் எழுதின: பேருந்துகள் போதா, அவற்றை ஓட்ட ஆள் போதாது, செலவு ஏறும், வீடு கட்டும் வேலை பிந்தும், சிறு ஒப்பந்தக்காரர் மூடிவிட நேரும் என்று. அரசாங்கமும் அவ்வாண்டு ஆகஸ்டில் முழுத் தடை இயலாது என்றே விடையளித்தது. மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதபடி கருவி பூட்டவேண்டும் என்பது பிற்பாடு சேர்ந்தது.

தொழிலதிபர்கள் சொல்வது முழுப் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். அந்தக் கணக்கைக் காலந்தோறும் போட்டவர்களே நாம். ஒரே லாரியில் கருவியும் போகும், ஆளும் போகும். பேருந்து என்றால் இரண்டு வண்டி, இரண்டு டிரைவர், இரண்டு இடத்தில் நிறுத்தக் கூலி. ஏழு லாரிக் கம்பெனிக்கு அது மெய்யாகவே கனக்கும். ஆனால் அக்கணக்கில் பேருந்துக்கான வெள்ளியும் காசும் ஒரு பத்தியில் துல்லியமாய் நிற்கின்றன. புதுக்கோட்டை இளைஞரின் கால் எந்தப் பத்தியிலும் இல்லை. ஒரு பக்கத்துச் செலவை மட்டும் எழுதிக் கூட்டினால் எந்தக் கணக்கும் நேராய்த்தான் வரும். இதை ஒரு கிராணி சொல்லலாம். தவிரவும், தொழிலாளரைப் பேருந்தில் அனுப்பும் கம்பெனிகளும் இவ்வூரில் உண்டு. அவையும் இலாபத்துக்கே நடக்கின்றன.

தோட்டத்து வாசகர்களுக்கு இது புதிதாய் இராது. 'லோரி' என்று நாம் வாயாரச் சொல்லும் அந்த வண்டியில்தான் விடியுமுன் பிரட்டுக் களத்திலிருந்து மரம் வெட்டப் போனோம். அதே வண்டியில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயினர், கலியாணத்துக்கும் கருமாதிக்கும் போயினர். மழை பெய்தால் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினர். நமக்கு அது பழக்கம். பழகிய காரணத்தால் பிள்ளைகளுக்கு உல்லாசமாயும் பட்டது.

தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களை லாரியே வளர்த்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவோரின் பட்டறைகள் சாலை நெடுகிலும் இருக்கின்றன. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகள் இந்தியா முழுதும் பூமியைத் துளைத்து வருகின்றன. பெரிய கம்பெனிகளைவிட ஒன்றோ இரண்டோ லாரியைக் கடனில் வாங்கி ஓட்டுகிறவரே அங்கே மிகுதி. கிளீனராய் ஏறி டிரைவராகி முதலாளியானவர் கதையை ஊருக்கு ஊர் கேட்கலாம். ஆகாதவர் கதையைச் சொல்ல ஆளில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று இந்தியச் சர்க்கார் விதித்திருக்கின்றது. நல்லதே. பாரத்துக்குக் கொட்டகை போட்ட தொழில் அதை ஓட்டும் ஆளுக்கு நிழல் கொடுக்க இத்தனை காலம் ஆயிற்று.

இங்கும் ஒரு மாறுதல். 2025 செப்டம்பர் முதல், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கனரக வண்டி டிரைவர்களை, டிரைவர் என்ற பெயரிலேயே, வேலை அனுமதிச் சீட்டில் தருவிக்க மனிதவள அமைச்சு இடம் கொடுத்திருக்கின்றது. சிங்கப்பூரில் அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது, இருக்கிறவருக்கும் வயதாகிவிட்டது. சென்ற மாதம் நம் வீட்டுக்கீழுள்ள காப்பிக்கடையில் சங்ககிரிப் பக்கத்து இளைஞர் ஒருவரைக் கண்டோம். வந்து மூன்று வாரம். தகப்பனும் டிரைவராம், பாட்டனும் டிரைவராம். நாம் லாரிக் கம்பெனியில் இருந்தவர் என்று கேட்டதும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். சம்பளத்தைப் பற்றிக் கேட்பார் என்று எண்ணினோம்.

"ஐயா, இங்கே தூக்கம் வருதுன்னு சொன்னா என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல வரவில்லை. அரைமணி நேர விதியைச் சொன்னோம். துணையாள் விதியைச் சொன்னோம். மீறினால் யாரிடம் முறையிடலாம் என்பதையும், முறையிட்டவரை வேலையினின்று நீக்க அஞ்சாத கம்பெனிகள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னோம். பிறகு, சாவியை வாங்குமுன் சொல்லிவிட வேண்டும், வாங்கிக்கொண்ட பிறகு சொன்னால் எடுபடாது என்றோம். அவர் அதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். எவரிடமிருந்து அதைக் கற்றோம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

இன்று காலையும் மழை. ஐந்தே முக்காலுக்கு ஒரு லாரி நம் சன்னலுக்கு நேரே சிவப்பு விளக்குக்கு நின்றது. மழைத்திரை ஒரு பக்கம் இறக்கியிருந்தது. மறுபக்கம் சுருட்டியே கிடந்தது. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் அணைத்துக்கொண்டு உறங்கினர். ஓரத்திலிருந்த ஒருவர் மட்டும் விழித்து, கையை வெளியே நீட்டி மழையில் நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாம் எண்ணினோம். பத்து வரை எண்ணுவதற்குள் பச்சை விளக்கு விழுந்து லாரி நகர்ந்துவிட்டது.